ஒரு துளி ரத்தத்தை வைத்து ‘ட்ரிப்ஸ்’ அளந்த டாக்டர்: யார் இந்த லியோனார்ட் ரோஜர்ஸ்?

குழந்தைக்கு வாந்தி, பேதி, காய்ச்சல். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். அங்கே போனதும் நம்மில் பலர் முதலில் கேட்பது, ட்ரிப்ஸ் போடலையா என்பதைத்தான். பென்னாகரமோ அரூரோ தருமபுரி டவுனோ, எங்கே போனாலும் குளுக்கோஸ் ஏத்தினால்தான் வைத்தியம் பார்த்த மாதிரி என்ற நம்பிக்கை நம்ம ஊர்களில் ரொம்ப ஆழமானது.

ஆனால், எமர்ஜென்சி வார்டில் நிற்கும் டாக்டரின் தலைக்குள் ஓடும் கேள்விகள் வேறு. திரவம் ஏற்ற வேண்டுமா, வேண்டாமா? எந்தத் திரவம்? எவ்வளவு? எத்தனை நிமிடத்தில்?

10 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே சுமார் 800 மில்லி லிட்டர்தான். நாம் பையில் வைத்திருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடக் குறைவு. அந்த உடம்புக்குள் அரை லிட்டர் சலைன் வேகமாக இறங்கினால் என்ன ஆகும்? சில குழந்தைகளுக்கு அது உயிர் கொடுக்கும். சில குழந்தைகளுக்கு அதுவே உயிரை எடுக்கும்.

இந்தக் கணக்கை இந்தியாவில் ஒரு வார்டுக்குள் உட்கார்ந்து, துளித்துளியாக அளந்து பார்த்தவர் லியோனார்ட் ரோஜர்ஸ். அவர் இறந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவர் சொன்ன பல விஷயங்கள் இன்று பயன்பாட்டில் இல்லை. ஆனால், அவர் கேட்ட கேள்வி மட்டும் இன்னும் நம்ம ஊர் வார்டுகளில் அப்படியே இருக்கிறது.

கார்ன்வால் டு கல்கத்தா

ரோஜர்ஸ் பிறந்தது 1868 ஜனவரி 18. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால் பகுதி சொந்த ஊர். அப்பா கடற்படை அதிகாரி. லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் படித்துவிட்டு, 1893-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து கப்பல் ஏறினார்.

ஆரம்பத்தில் இங்கே அவர் கைவைக்காத துறையே இல்லை எனலாம். இமயமலைப் பகுதியில் இருந்த முக்தேஸ்வர் ஆய்வகத்தில் மாடுகளைத் தாக்கும் நோயை ஆராய்ந்தார். கடல் பாம்பு விஷத்தை ஆராய்ந்தார். 1900-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் நோயியல் துறைக்கு வந்தார். அடுத்த 20 ஆண்டுகள் அவர் வாழ்க்கை அந்த நகரத்தோடுதான்.

நோயியல் பேராசிரியர் என்றால் வேலை பெரும்பாலும் பிணவறையிலும் மைக்ரோஸ்கோப் முன்னாலும்தான். இறந்தவர் ஏன் இறந்தார் என்று சொல்ல வேண்டியவர் அவர். ரோஜர்ஸ் அதோடு நிற்கவில்லை. இவ்வளவு பேர் ஏன் செத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்ற கேள்வியோடு காலரா வார்டுக்குள் வந்தார்.

காலரா என்ன செய்யும்?

இன்றைய தலைமுறைக்கு காலரா பாடப்புத்தகத்தில் வரும் பெயர். நம் கொள்ளுத் தாத்தா காலத்தில் அது ஊரையே காலி செய்த நோய். 1965-ல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை தருமபுரி, சேலம் மாவட்டத்தோடுதான் இருந்தது. 1876-78 பெரும் பஞ்சத்தில் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அப்போது பசியும் காலராவும் கைகோத்துத்தான் வந்தன.

காலரா கிருமி குடலுக்குள் போனதும், உடம்பில் இருக்கும் தண்ணீரும் உப்பும் கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளியேற ஆரம்பிக்கும். சில மணி நேரத்தில் பல லிட்டர் போய்விடும். ரத்தத்தில் இருக்கும் நீர் குறைந்து, ரத்தம் கெட்டியாகும். நாடி பிடித்துப் பார்த்தால் கிடைக்காது. கை, கால் ஜில்லென்று ஆகும். கண் உள்ளே போகும். சிறுநீர் நின்றுவிடும்.

இதைத்தான் டாக்டர்கள் ‘ஷாக்’ என்கிறார்கள். கரண்ட் ஷாக்கும் இல்லை, அதிர்ச்சிச் செய்தி கேட்டு வரும் ஷாக்கும் இல்லை. உடம்பின் உறுப்புகளுக்குத் தேவையான ரத்தம் போய்ச் சேராத நிலை. காரணம் காலராவாக இருக்கலாம், டெங்குவாக இருக்கலாம், ரத்தத்தில் பரவிய கிருமித் தொற்றாக இருக்கலாம். வெளியே தெரியும் அடையாளங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

தெரிந்த வைத்தியத்தை உலகம் மறந்த கதை

போன நீரைத் திரும்ப உள்ளே ஏற்றினால் என்ன? இந்த யோசனை ரோஜர்ஸுக்கு 75 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது.

1831-ல் பிரிட்டனில் காலரா பரவியபோது, வில்லியம் ஓஷானஸி என்ற இளம் டாக்டர் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, அதில் நீரும் உப்பும் குறைந்திருப்பதைக் கண்டுபிடித்தார். அவரே பிறகு கல்கத்தாவுக்கு வந்து, மருத்துவக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து, கடைசியில் இந்தியாவுக்கே தந்திக் கம்பி போட்டவராக வரலாற்றில் நின்றது தனிக்கதை.

1832-ல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லட்டா என்ற டாக்டர், சாகும் நிலையில் இருந்த காலரா நோயாளிகளின் நரம்பு வழியே உப்புக் கரைசலை ஏற்றிக் காட்டினார். சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். பலர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே லட்டாவும் இறந்துபோனார். வைத்தியமும் மெல்ல மறக்கப்பட்டது.

ஏன் தோற்றது? கிருமி நீக்கம் என்ற விஷயமே அப்போது தெரியாது. கடைசி மூச்சில் இருப்பவர்களுக்குத்தான் ஏற்றினார்கள். ஏற்றிய பிறகும் பேதி நிற்காது. போன நீருக்குத் திரும்பத் திரும்ப ஈடுகட்ட வேண்டும். அது எவ்வளவு என்று அளக்க யாரிடமும் வழி இல்லை.

அந்த அளவுகோலைத் தேடித்தான் ரோஜர்ஸ் கிளம்பினார்.

குப்பிகளும் ஒரு துளி ரத்தமும்

ரத்த தானம் செய்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கலாம். பல முகாம்களில் விரல் நுனியில் குத்தி, ஒரு துளி ரத்தத்தை நீல நிறத் திரவத்தில் விடுவார்கள். துளி மூழ்கினால் ஓகே. மிதந்தால், ரத்தத்தில் ஹீமோகுளோபின் போதவில்லை என்று அர்த்தம். எடை அதிகமான துளி மூழ்கும், எடை குறைந்த துளி மிதக்கும். அவ்வளவுதான் லாஜிக்.

ரோஜர்ஸ் காலரா வார்டில் செய்தது கிட்டத்தட்ட இதேதான். கிளிசரினையும் தண்ணீரையும் வேறு வேறு விகிதத்தில் கலந்து, அடர்த்தி படிப்படியாகக் கூடும் குப்பிகளை வரிசையாக வைத்துக்கொண்டார். நோயாளியின் ரத்தத்துளி எந்தக் குப்பியில் மூழ்குகிறது, எதில் மிதக்கிறது என்று பார்த்தால் ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ரத்தம் கெட்டியாக இருந்தால், உடம்பு நிறைய நீரை இழந்திருக்கிறது என்று பொருள். அதற்கேற்ப ஏற்ற வேண்டிய அளவை முடிவு செய்தார். ரத்த அழுத்தத்தையும் கூடவே பார்த்தார்.

முக்கியமான விஷயம், ஒரு தடவை ஏற்றியதோடு அவர் நிறுத்தவில்லை. சில மணி நேரம் கழித்து மறுபடியும் ஒரு துளி. மறுபடியும் குப்பி. மறுபடியும் கெட்டியாகியிருந்தால் மறுபடியும் சலைன்.

ஏற்று, பார், மறுபடி முடிவு செய். இன்று குழந்தைகள் எமர்ஜென்சியில் ஒவ்வொரு டோஸுக்குப் பிறகும் நாடி, மூச்சு, ஈரல் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கச் சொல்கிறார்களே, அதுவும் இதே பழக்கம்தான்.

ரிசல்ட் என்ன?

கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் காலராவோடு சேர்ந்த 100 பேரில் சுமார் 60 பேர் இறந்திருந்தார்கள். 1908 முதல் ரோஜர்ஸின் முறை வந்த பிறகு அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ரத்தத்தில் அமிலத்தன்மை கூடுவதைச் சமாளிக்க சோடா உப்பையும் கரைசலில் சேர்த்த பிறகு, 100-க்கு 20-ஐ ஒட்டி வந்தது.

ஆன்டிபயாடிக் இல்லாத காலம் அது. ஒரு குடும்பத்தில் காலரா வந்தால் திரும்பி வருவார்களா என்பது காசு சுண்டிப் பார்ப்பதைவிட மோசமான வாய்ப்பாக இருந்த நிலையில், இது பெரிய மாற்றம்.

எங்கே தவறினார்?

இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. ரோஜர்ஸ் ஏற்றிய கரைசல், நம் ரத்தத்தைவிட உப்பு அதிகமானது. சாதாரண சலைன் ஏற்றினால் அது குடலுக்குள் கசிந்து வெளியே போய்விடும், உப்பு கூடுதலாக இருந்தால் ரத்தக்குழாய்க்குள்ளேயே நிற்கும் என்பது அவர் கணக்கு. கூடவே, குடலில் இருக்கும் விஷத்தை அழிக்கும் என்று நம்பி பெர்மாங்கனேட் மாத்திரையும் கொடுத்தார்.

இரண்டும் பிற்காலத்தில் நிற்கவில்லை. 1947-ல் எகிப்தில் காலரா பரவியபோது, அமெரிக்கக் கடற்படை டாக்டர் ராபர்ட் பிலிப்ஸ், ரத்தத்துக்குச் சமமான உப்பு உள்ள கரைசலையே போதுமான அளவில் ஏற்றி, இறப்பை 10 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். அளப்பதற்கு அவர் பயன்படுத்தியது, ரத்தத்துளியை நீல நிறத் திரவத்தில் விடும் அதே காப்பர் சல்பேட் முறை. அதாவது, ரோஜர்ஸின் கரைசல் போய்விட்டது. அவருடைய துளி மட்டும் நின்றது.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். ரோஜர்ஸ் ஒப்பிட்டது முந்தைய ஆண்டுகளின் இறப்புக் கணக்கோடு. ஒரே காலத்தில் இரண்டு குழுக்களைப் பிரித்து, இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் சோதிக்கும் பழக்கம் அப்போது வரவில்லை. சோதனைக்கு உள்ளானவர்கள் காலனி ஆட்சியின் கீழ் இருந்த ஏழை நோயாளிகள். இன்றைய மாதிரி சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்கும் நடைமுறையும் கிடையாது. அவர் சாதனையைப் பேசும்போது இதை மறைக்கக் கூடாது.

காலராவைத் தாண்டி

ரோஜர்ஸ் ஒரே நோயோடு நிற்கும் ஆள் இல்லை. 1904-ல் காலா அசார் நோயின் ஒட்டுண்ணியை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார். 1912-ல் அமீபா சீதபேதிக்கு எமெட்டின் ஊசியைக் கொண்டுவந்தார். 1915-ல் காலா அசாருக்கு ஆன்டிமணி மருந்தை இந்தியாவில் பயன்படுத்தினார். அதைவிடச் சிறந்த மருந்தை அதே கல்கத்தாவில் பிறகு உருவாக்கியவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. தொழுநோய்க்கும் ரோஜர்ஸ் மருந்து தேடினார்.

வெப்பமண்டல நோய்களுக்கென்று கல்கத்தாவில் தனிப் பள்ளி வேண்டும் என்று பல ஆண்டுகள் அலைந்து நிதி திரட்டினார். 1914-ல் அடிக்கல் போட்டார்கள். முதல் உலகப் போர் வந்து எல்லாம் தள்ளிப்போனது. 1920-ல் உடல்நலம் சரியில்லாமல் ரோஜர்ஸ் ஊர் திரும்பினார். அவர் கனவு கண்ட பள்ளியில் வகுப்புகள் தொடங்கியபோது அவர் கல்கத்தாவில் இல்லை.

1962 செப்டம்பர் 16 அன்று, 94 வயதில், சொந்த மண்ணான கார்ன்வாலிலேயே இறந்தார். அவர் இறப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, அதே கல்கத்தாவில் சம்புநாத் தே என்ற விஞ்ஞானி, காலரா கிருமி வெளியிடும் நச்சுதான் குடலில் இருந்து நீரை வெளியேற்றுகிறது என்று நிரூபித்திருந்தார். 1971 வங்கதேசப் போரின்போது பன்கானில் குவிந்த அகதிகளுக்கு, நரம்பு வழி சலைன் தீர்ந்துபோன நிலையில், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார் டாக்டர் திலீப் மகலனாபிஸ். நம் வீட்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அந்த வழியில் வந்ததுதான்.

குழந்தைகள் விஷயத்தில் வந்த ட்விஸ்ட்

ரோஜர்ஸ் காலம் முதல் கிடைத்த பாடம், ஷாக் என்றால் திரவம் ஏற்று என்பது. காலரா, பேதி மாதிரி நீர் வெளியே போகும் நோய்களில் அது இன்றும் சரி. ஆனால், எல்லா ஷாக்கும் ஒன்றா?

கிருமித் தொற்றால் வரும் ஷாக்கில் உடம்பில் இருந்து நீர் வெளியே போயிருக்காது. ரத்தக்குழாய்கள் விரிந்து, கசிய ஆரம்பிக்கும். இதயமும் தளர்ந்திருக்கும். ஏற்றும் திரவம் நுரையீரலில் போய்த் தேங்கலாம்.

சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் இதை நேரடியாகச் சோதித்தார்கள். தொற்றால் ஷாக்கில் வந்த 147 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வேகமாகவும் இன்னொரு குழுவுக்குச் சற்று நிதானமாகவும் திரவம் ஏற்றினார்கள். 2008-ல் வெளியான முடிவு: இறப்பில் வித்தியாசம் இல்லை. வேகமாக ஏற்றிய குழுவில், திரவம் கூடிப்போனதற்கு அடையாளமாக ஈரல் வீங்குவது அதிகமாகத் தெரிந்தது.

2011-ல் வந்தது இன்னும் பெரிய செய்தி. உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளில், காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த 3,141 குழந்தைகளிடம் நடந்த ‘ஃபீஸ்ட்’ ஆய்வு அது. வேகமாகத் திரவம் ஏற்றிய குழுக்களில் 48 மணி நேரத்துக்குள் 100-க்கு சுமார் 10.5 குழந்தைகள் இறந்தார்கள். வேக டோஸ் கொடுக்காத குழுவில் 7.3. நல்லது என்று உலகமே நம்பிய வைத்தியம், தீவிர சிகிச்சை வசதி குறைவான அந்த மருத்துவமனைகளில் கூடுதல் உயிர்களை எடுத்திருந்தது. ஆய்வை நடுவிலேயே நிறுத்தினார்கள்.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களுக்குத் திரவம்தான் உயிர்.

இப்போது விதி என்ன சொல்கிறது?

உலக சுகாதார நிறுவனம் 2016-ல் தன் வழிகாட்டுதலைத் திருத்தியது. கை கால் ஜில்லென்று இருப்பது, விரல் நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆவது, நாடி வேகமாகவும் பலவீனமாகவும் ஓடுவது. இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் அதன் கணக்கில் ஷாக். அப்படி இருந்தால் கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி. வரை, 30 முதல் 60 நிமிடத்தில். 10 கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 200 மி.லி. ஒரு டம்ளர். மூன்றில் ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்தால் வேக டோஸ் வேண்டாம்.

பேதியால் மோசமாக நீர் வற்றிய குழந்தைக்குக் கணக்கே வேறு. கிலோவுக்கு 100 மி.லி. ஒரு வயதுக்குக் கீழே என்றால் 6 மணி நேரத்தில், அதற்கு மேல் என்றால் 3 மணி நேரத்தில், முதல் பகுதி வேகமாகவும் மீதி நிதானமாகவும்.

செப்சிஸ் சிகிச்சைக்காக 2020-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி போய், இந்த மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா என்று கேட்கிறது. இருந்தால் முதல் மணி நேரத்தில் கிலோவுக்கு 40-60 மி.லி. வரை, சிறு சிறு டோஸாகப் போகலாம். இல்லை என்றால், ரத்த அழுத்தம் விழாத குழந்தைக்கு வேக டோஸ் வேண்டாம். திரவம் கூடிப்போனால், அதைச் சமாளிக்கத் தேவையான வென்டிலேட்டரும் ஆட்களும் அங்கே இருக்காது என்பதுதான் காரணம்.

தருமபுரியில் இதை ஏன் படிக்க வேண்டும்?

அந்தக் கடைசிக் கேள்வி நம்ம மாவட்டத்துக்கு நேராக வந்து நிற்கிறது. சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ ஒரு குழந்தைக்கு முடியவில்லை என்றால், முதலில் மலை இறங்க வேண்டும். அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா மருத்துவமனை, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதற்கும் மேல் தேவை என்றால் சேலம். ஒவ்வொரு இடத்திலும் வசதி வேறு. அதனால், ஒரே குழந்தைக்கு, ஒரே நோய்க்கு, எந்தப் படியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து சரியான அளவே மாறுகிறது.

டெங்கு சீசனில் இது இன்னும் முக்கியம். டெங்குவில் ரத்தக்குழாய் கசியும் கட்டம் பொதுவாக 24 முதல் 48 மணி நேரம்தான். அது முடிந்ததும் கசிந்த நீர் தானாக ரத்தத்துக்குத் திரும்பும். அந்த நேரத்திலும் ட்ரிப்ஸ் ஓடிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். டாக்டர் பாட்டிலைக் கழற்றிவிட்டால், கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று அர்த்தம் இல்லை. பல நேரம், கவனித்ததால்தான் கழற்றுகிறார்.

அப்போ பெற்றோர் என்ன செய்யலாம்? பேதி ஆரம்பித்த உடனே ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். குழந்தை துவண்டுபோனாலோ, குடிக்க முடியாவிட்டாலோ, கை கால் ஜில்லென்று ஆனாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கத்து கிளினிக்கில் ஒரு பாட்டில் ஏத்திட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். குழந்தையின் எடை தெரிந்தால் சொல்லுங்கள். அளவு எல்லாமே கிலோ கணக்கில்தான் ஓடுகிறது.

ரோஜர்ஸின் உப்புக் கரைசல் இன்று எந்த வார்டிலும் இல்லை. பெர்மாங்கனேட் மாத்திரையும் இல்லை. கிளிசரின் குப்பிகளும் இல்லை. ஆனால், ட்ரிப்ஸ் போட்ட பிறகு ஒரு நர்ஸ் திரும்பி வந்து, குழந்தையின் நகத்தை அழுத்தி, நிறம் திரும்ப எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுகிறாரே, அந்தப் பழக்கத்துக்கு ரோஜர்ஸின் காலரா வார்டிலும் ஒரு வேர் இருக்கிறது. அடுத்த முறை ட்ரிப்ஸ் போடலையா என்று கேட்கத் தோன்றினால், எவ்வளவு போட்டிருக்கீங்க, மறுபடி எப்போ பார்ப்பீங்க என்று கேட்டுப் பாருங்கள்.